மூன்று நாள் தண்ணீர்

ஒரு ஊறுகாய்க்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா, கிடையாதா என்று முகம் தெரியாதவர்களோடு ஏழு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஜெயித்தேன். தோற்றிருந்தால் என் அண்ணன் இன்றைக்கும் முதலமடையில் ஏதாவது மாமரத்தடியில் நின்றுகொண்டு யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். இதை இவ்வளவு பச்சையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

எனக்கு உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க் வேலை. பிறந்தது கீழே, பாலக்காட்டின் கிழக்கு ஓரம், மாந்தோப்புகளுக்கு நடுவே. வேலை கிடைத்து மேலே வந்தவள் மேலேயே தங்கிவிட்டேன். என்னைப் பற்றி ஆபீசில் நல்ல பெயர் கிடையாது. காகிதம் இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். "நான் பொறந்ததே இந்த எஸ்டேட் லயத்துலதான் மேடம், கேட்டுப் பாருங்க" என்று யாராவது ஆரம்பித்தால், கேட்டுப் பார்ப்பது என் வேலை இல்லை, ரேகை, அதாவது காகித ஆதாரம், இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கண்டிப்பானவள் என்று பெயரெடுக்க இந்த உலகத்தில் ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

என் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா இருக்கிறார். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாளில் ஓடையோரத்து மூங்கில் புதரில் குருத்துகள் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பும். அவற்றை வெட்டி வந்து, மட்டையை உரித்து, வட்டவட்டமாக நறுக்கி ஊறுகாய் போடுவார். மேலே எல்லாரும் அதைக் குருத்து என்றுதான் சொல்வார்கள். கஞ்சிக்கும் கப்பைக்கிழங்குக்கும் அதுதான் துணை. முதல் வருடம் ஒரு கிண்ணம் கொடுத்தார். புளிப்பும் காந்தாரி மிளகாயின் காரமும், கடித்தால் நறுக்கென்று ஒரு சத்தமும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

"லேசுப்பட்ட சாமான் இல்ல மேடம்," என்றார். "நறுக்கி மூணு நா தண்ணில போடணும். காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா பழைய தண்ணியக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி மாத்தணும். நாலாம் நா வேகவச்சு அந்தத் தண்ணியையும் வடிச்சுரணும். கட்டு எறங்குனாத்தேன் உப்பே போடலாம்."

மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் கசப்பு விஷத்துக்கு மலையாளத்தில் கட்டு என்று பெயர். மேலே தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள். குருத்திலும் அது உண்டு, கூடுதலாகவே உண்டு. அந்த அம்மா கழிவுத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டி, குழி மேல் ஒரு தகரத்தையும் போட்டு வைத்திருந்தார்.

"எதுக்குத் தகரம்?"

"கோழி வாய் வச்சிரும்ல. போன வருசம் ரெண்டு செத்துருச்சு."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் கீழே எங்கள் ஊரில் ஊறுகாய்க்கு முதல் எதிரி தண்ணீர்தான். மாவடுவைத் துணியால் துடைத்து, உலர்ந்த ஜாடியில் போட்டு, உலர்ந்த கையால் உப்பைத் தூவி மூடுவார்கள். ஒரு வாரத்தில் மாங்காயே தண்ணீர் விட்டு அதில் அதுவாக ஊறும். அந்தச் சாற்றில் ஒரு சொட்டைக்கூடக் கொட்ட மாட்டார்கள், அதுதான் ருசி. குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஜாடிப் பக்கம் போனால் என் அண்ணன் மனைவி விரட்டியடிப்பார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். எங்கள் நங்கை போடுகிற மாவடுவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் பெயரைச் சொல்லி ஊறுகாய் கேட்பார்கள். தெருவில் வேறு எந்தப் பெண்ணையும் சொந்தப் பெயரால் யாரும் தேடி வந்ததில்லை.

மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறதே, அந்தத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் நம்ம ஊர் ஊறுகாய்கள் இருக்கின்றனவா என்று தேடினேன். மாவடு இருந்தது, ஆவக்காய் இருந்தது, எங்கோ கடல் தாண்டி முட்டைக்கோசைப் புளிக்க வைக்கிறார்கள், அது இருந்தது. குருத்து இல்லை. எழுதிவிட்டேன். பன்னிரண்டு வரி. அதில் ஐந்து வரி மூன்று நாள் தண்ணீரைப் பற்றி. பக்கத்து வீட்டு ஜாடியைப் படம் எடுத்தும் போட்டேன்.

மறுநாள் கட்டுரைத் தலையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த உணவு கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் அளவுக்குக் குறிப்பிடத்தக்கது என்பதற்கு ஆதாரம் இல்லை, நீக்கலாமா என்று ஏழு நாள் உரையாடல் நடக்கும் என்றது. முன்மொழிந்தவர் புனைபெயர்க்காரர். மரியாதையானவர்தான், அதுதான் எரிச்சல். "வீட்டுக்கு வீடு ஊறுகாய் உண்டு. அச்சில் வந்த நம்பகமான ஆதாரம் ஒன்றையாவது தருக" என்று எழுதியிருந்தார். நான் ஆபீசில் ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியத்தை முதல் தடவையாக எனக்கே ஒருவர் சொன்னார். ரத்தம் கொதித்தது.

மேலே இத்தனை லயங்களில் இத்தனை வீடுகளில் இதைத் தின்கிறார்கள் என்று எழுதினேன். யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். கடல் தாண்டிய முட்டைக்கோசுக்கு இருக்கிற இடம் ஏலக்காட்டுக்காரர்களின் குருத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். அதற்கு நூல்கள் இருக்கின்றன என்றார். மூன்று பேர் நீக்கலாம் என்று வாக்களித்தார்கள். ஒருவர் மட்டும் பாவம் பார்த்து, ஆதாரம் கிடைக்கும் வரை பொறுக்கலாம் என்றார். அந்த வாரம் முழுக்க நான் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. யாருக்காக இந்த வீம்பு என்று யாராவது கேட்டிருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவுக்காக என்று சொல்லியிருப்பேன். பொய். அவருக்கு இப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஆபீசுக்குக் கம்பத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு நிருபர் வருவார். ஒரு நாளிதழுக்கு இந்தப் பக்கத்துச் செய்தி அனுப்புகிறவர். அவரைப் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்து, குருத்தைத் தொட்டுக்கொள்ள வைத்து, உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவேண்டும் என்றேன். "அக்கா சொன்னா தட்ட முடியுமா" என்றார். செய்முறையை நான் வாயால் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார், அல்லது குறித்துக்கொள்வது போல இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. 'மலை தந்த மகத்தான ருசி' என்று தலைப்பு. எங்கள் பக்கத்து வீட்டு ஜாடி வண்ணத்தில். ஆவலாகப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசிப் பத்தியில் நின்றேன். "ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் உப்பிட்டு மூடினால், குருத்து தன் சாற்றிலேயே ஊறிப் பதமாகிறது" என்று இருந்தது. தண்ணீர் கொட்டுகிற கதை முழுக்கக் காணோம். அவரும் கீழ்நாட்டுக்காரர். நான் சொன்னது ஞாபகம் இல்லாமல், தன் வீட்டில் பார்த்த ஊறுகாயை எழுதி வைத்திருந்தார்.

இதை நான் அன்றைக்கே பார்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியாமல் போகவில்லை. உரையாடல் முடிய மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. அச்சில் வந்த ஆதாரம் இது ஒன்றுதான். என் கட்டுரையில்தான் சரியான முறை இருக்கிறதே, பேப்பரில் தப்பாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். அதையே அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். மறுநாள் மாலை, கட்டுரை தக்கவைக்கப்படுகிறது என்று முடிவு எழுதினார்கள். சட்டென்று எழுந்து கதவைத் திறந்து மழையில் போய் நின்றேன். அப்படி ஒரு சந்தோஷம்.

நங்கைக்குக் கலைக்களஞ்சியப் பக்கத்தின் இணைப்பை அனுப்பி, நான் எழுதியது என்று பெருமையடித்தேன். உடனே கூப்பிட்டார். "ஏ அம்முணி, உன்ற பேரு எங்கயும் காணமே?" என்றார். அதில் எழுதுகிறவர் பெயர் போட மாட்டார்கள் என்றேன். "பேரில்லாம எதுக்கு எழுதறே?" என்று சிரித்தார். படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்ததாகவும், நறுக்கு நயமாக இருப்பதாகவும் சொன்னார். கட்டுரையைப் படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் என் ஐந்து வரிகளையும் காணோம். அந்த இடத்தில் நாளிதழின் வாக்கியம் உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல். பக்கத்தில் ஒன்று என்ற அடிக்குறிப்பு எண். நீக்கியவர் அதே புனைபெயர்க்காரர். "மூலத்தில் இல்லாதவையும் மூலத்துக்கு முரணானவையும் நீக்கப்பட்டன" என்று காரணம் எழுதியிருந்தார். அவர் விதிப்படி அது சரிதான். குருத்து பிழைக்க நான் கொண்டுவந்த ஒரே சாட்சி, குருத்தைப் பற்றிப் பொய் சொல்கிற சாட்சி.

மறுபடி சேர்த்தேன். நீக்கினார். என் கண்ணால் பார்த்தேன், இரண்டு கோழி செத்திருக்கிறது என்றேன். சொந்த அனுபவம் ஆதாரமாகாது என்றார். மூங்கில் குருத்தில் விஷம் உண்டு என்று ஒரு அறிவியல் கட்டுரையைத் தேடிக் கொடுத்தேன். அது மூங்கிலைப் பற்றியது, இந்த ஊறுகாயைப் பற்றியது அல்ல, இரண்டையும் முடிச்சுப்போடுவது உங்கள் சொந்த முடிவு என்றார். நிருபரைக் கூப்பிட்டுத் திருத்தம் போடச் சொன்னேன். "சமையல் பக்கத்துக்கெல்லாம் மறுப்பு போட மாட்டாங்கக்கா, விடுங்க" என்றார். கடைசியில் நானே என் கட்டுரையை நீக்கச் சொல்லி முன்மொழிந்தேன். அப்போது வந்தவர்களில் ஐந்து பேர் தக்கவைக்க வாக்களித்தார்கள். நல்ல ஆதாரம் உள்ள உணவு என்றார்கள். ஒருவர், தன் வரி போனதால் கோபத்தில் கட்டுரையையே அழிக்கப் பார்க்கிறார் என்று என்னைப் பற்றி எழுதினார். அதற்குமேல் என் கணக்கிலிருந்து திருத்தம் செய்ய முடியாதபடி கொஞ்ச நாள் தடுத்தும் வைத்தார்கள்.

அந்த நாட்களில் யாராவது அதைப் பார்த்துக் குருத்துப் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "மேல உள்ளவுகளுக்குத் தெரியும் மேடம். பேப்பரப் பாத்தா நாங்க குருத்துப் போடுறோம்?" என்றார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மலைச் சாமான், மலையில் செய்கிறார்கள், கட்டுரையைப் பார்த்துக் கீழே யார் செய்யப்போகிறார்கள் என்று பயத்தை இறக்கி வைத்துவிட்டேன். நங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வரியை எடுத்துவிட்டார்கள், நான் தோற்றுப்போனேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசில் கமிட்டி நடந்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்கு வெளியே வந்து போனைப் பார்த்தால் நங்கை ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். படத்தில் கண்ணாடி ஜாடி, உள்ளே வட்டவட்டமாக வெளிறிய மஞ்சளில் குருத்து, முக்கால் அளவுக்கு அதன் சாறு. குரல் செய்தியைக் காதில் வைத்தேன்.

"அம்முணி, நெல்லியாம்பதி அடிவாரத்துல இருந்து வேலைக்கு வர்றவங்க குருத்து கொண்டாந்து குடுத்தாங்க. நீ எழுதினதைத் திறந்து வெச்சு அப்படியே போட்டுட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி படல. அஞ்சு நாளாச்சு. கொஞ்சம் கசக்குது, அது அதோட கொணமாட்ட இருக்குது. உங்கண்ணன் காலைல பழைய சோத்துக்கு ஒரு கிண்ணம் போட்டு உண்டுட்டுத்தான் மருந்தடிக்கப் போயிருக்கறாரு."

உடனே நங்கையைக் கூப்பிட்டேன். நங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணன் போனுக்கு அடித்தேன். அவரோடு வேலை செய்கிறவர் எடுத்தார். கவாத்து முடித்துத் தளிர்விட்ட மரங்களுக்கு அண்ணன் தலைமையில் நாலு பேர் மருந்து தெளிப்பார்கள், அவர்களில் ஒருவர்.

"அண்ணன் தோப்புல சாஞ்சுட்டாருங்க. வாந்தி, மூச்சு வாங்குது. மருந்து காத்துல திரும்பி மூஞ்சில அடிச்சிருக்கும்ங்க. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டமுங்க."

எங்கள் ஊரில் தோப்பில் ஒருவர் விழுந்தால் வேறு காரணம் யாரும் யோசிக்க மாட்டார்கள். மருந்துதான். மருந்து இல்லைங்க, ஊறுகாய், டாக்டரிடம் கொடுங்கள் என்று கத்தினேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இளம் டாக்டர் பேசினார், தமிழ்க்காரர். மூங்கில் குருத்து, விஷம், தண்ணீர் மாற்றவில்லை என்று நான் உளறியதைப் பொறுமையாகக் கேட்டார். இந்த ஊறுகாய்க்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். "ஒரு நிமிசம்" என்று தன் போனில் தேடினார்.

"பாத்துட்டேன் மேடம். இதுல தண்ணியே சேக்கக் கூடாதுன்னுல்ல போட்டிருக்கு. விஷம்னு ஒண்ணும் இல்லையே," என்றார். பிறகு என் குரல் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். "சரி, சீனியர்கிட்ட சொல்றேன். நீங்க பதட்டப்படாம வாங்க," என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் படித்தது நான் நட்டுவைத்த பக்கத்தை.

கிடைத்த ஜீப்பில் மூணாறு போய், அங்கிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை பஸ். மறையூர் தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விடும். அந்த ஒன்றேகால் மணி நேரமும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வராதவரைக்கும் அண்ணன் உயிரோடு இருந்தார். அமராவதி நகர் பக்கம் வந்தபோது ஒரே நேரத்தில் பதினாலு தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. நான் யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. தெரிந்துவிட்டது.

வீட்டில் கூட்டம். நங்கை என்னைப் பார்த்ததும், "காலைல இருந்து எனக்கே தலை கிறுகிறுன்னு இருந்துதே அம்முணி, அப்பவே மனசு சொல்லுச்சே, என்னமோ நடக்கப்போகுதுன்னு," என்று கட்டிக்கொண்டு அழுதார். உப்பு பார்க்க இரண்டு வில்லை வாயில் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. எல்லாரும் வாசலில் இருக்கும்போது நான் சமையலறைக்குப் போனேன். ஜாடி அலமாரியில் இருந்தது. கொல்லையில் மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். ஜாடியை ஐந்து தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நங்கைக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. கட்டின புருஷனைத் தன் கையாலேயே பரிமாறிக் கொன்றுவிட்டோம் என்று ஒரு பெண் மிச்ச ஆயுளுக்கும் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணத்துக்குள் என் பங்கும் பத்திரமாக ஒளிந்துகொண்டது என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை. மறுநாள் பேப்பரில் 'மாந்தோப்பில் மருந்து தெளித்தவர் மயங்கி விழுந்து சாவு' என்று நாலு வரி வந்தது.

சில மாதம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நங்கை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். பூச்சிமருந்தின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை, சாவுக்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்று தெளிவாக இருந்தது. "ஒண்ணும் உறுதியாச் சொல்லலீங்க நங்கை" என்றேன். பாதி உண்மை. கிளார்க்குகளுக்குப் பாதி உண்மை நன்றாகக் கைவரும்.

கட்டுரை அப்படியே இருந்தது. மழைக்காலம் நெருங்க நெருங்க அதைப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறும். அந்தப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரைபடம் உண்டு. அதன் கோடு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரோ ஒரு பெண் வீடியோவில் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே உலர்ந்த கையால் குருத்துக்கு உப்புத் தூவினாள். கீழே எழுதினேன், தண்ணீர் மாற்றுங்கள் என்று. எங்கே போட்டிருக்கிறது என்று நாலு பேர் கேட்டார்கள். அச்சில் வந்தால்தான் வரி ஏறும். அச்சில் வரவேண்டும் என்றால் அண்ணன் எதனால் செத்தார் என்பது வரவேண்டும். அது வந்தால் நங்கை படிப்பார், ஊர் படிக்கும், அப்புறம் அவர் பெயரைச் சொல்லி ஊறுகாய் கேட்டு யார் வருவார்கள்? ஒரு வருடம் இந்த இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வருடத் திதி நெருங்கியபோது நங்கை கூப்பிட்டார். யார் யாரை அழைப்பது என்று பேசிவிட்டுச் சொன்னார்: "அம்முணி, வர்றப்ப மேல இருந்து நல்ல குருத்தா நாலு கொண்டா. அவரு கடைசியா ஆசையா உண்டது அதுதான். ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீன்னா போட்டுருவன். படைச்சுட்டு வர்றவங்களுக்கெல்லாம் எலைல வெக்கோணும்."

"கேக்குதா?" என்றார்.

"வேண்டாங்க நங்கை," என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. குருத்தில் விஷம் இருப்பதை, மூன்று நாள் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதை, நான் எழுதிய வரி போனதை, பேப்பரில் தப்பாக வந்தது தெரிந்தே அதைச் சேர்த்ததை, அறிக்கையில் மருந்து இல்லை என்று இருந்ததை, ஜாடியைக் குழியில் கொட்டியதை எல்லாம் சொன்னேன். போன் துண்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் கடைசியில்.

"அன்னிக்கேங்க."

"என்னைய ஒரு வருசமா அதே கையால மாங்காய்க்கு உப்புப் போட உட்டுட்டுப் பாத்துட்டு இருந்திருக்கறே," என்றார். வைத்துவிட்டார்.

திதிக்கு நான் போகவில்லை. வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. திதி முடிந்து பதினோராம் நாள், அந்த நிருபர் ஆபீசுக்கு வந்து என் மேசையில் பேப்பரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நங்கை தானாகவே பொள்ளாச்சியில் அவர்கள் ஆபீசுக்குப் போயிருக்கிறார். பரிசோதனை அறிக்கையைக் கொடுத்து, நான் போட்ட ஊறுகாயால்தான் என் வீட்டுக்காரர் செத்தார், தண்ணீர் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியட்டும், போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். படமும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். 'ஊறுகாயில் விஷம்: கணவருக்குப் பரிமாறிய மனைவி வேதனை' என்று தலைப்பு. கீழே நங்கை, தலையைச் சீவி, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. மூன்று நாள் தண்ணீர் விஷயம் ஒரு வரி விடாமல் சரியாக இருந்தது. ஒரு மருத்துவரைக் கேட்டு, குருத்தை அப்படியே ஊறப்போட்டால் ஆபத்து என்றும் போட்டிருந்தார்கள். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவர் சொல்லவில்லை.

அன்று மாலை என் ஐந்து வரிகளையும் மறுபடி சேர்த்தேன். அடிக்குறிப்பு கொடுத்தேன். அரை மணி நேரத்தில் புனைபெயர்க்காரர் வந்து பார்த்தார். பழைய வாக்கியத்தை அவரே எடுத்துவிட்டு, "தெளிவான ஆதாரம், நன்றி" என்று எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆதாரம் கேட்டார், கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை. அடிக்குறிப்பைத் தட்டினால் செய்தி திறக்கிறது, அதில் நங்கையின் பெயர், ஊர், முகம் எல்லாம் இருக்கின்றன. கட்டுரையை எழுதியவள் பெயர் எங்கும் இல்லை.